சாமத்தியவீட்டுக் காசு

கிரெடிட் கார்ட் கம்பனிக்காரனை நான் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. கண்டிருந்தால் அடிக்கக் கை நீட்டியிருப்பேன். எனக்கு அவன் வெறும் குரல். பின்னேரம் ஐந்தரை மணிக்கு, நாங்கள் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து டெலிபோன் அடிக்கும். எடுத்தால் என் பெயரை மூன்று துண்டாக உடைத்துச் சொல்லி, நலமா என்று கேட்டு, அதன் பிறகு இந்த மாதம் எவ்வளவு கட்டப்போகிறீர்கள் என்பான். ஒரு மாதம் ஆண் பேசுவான், மறு மாதம் பெண் பேசுவாள். எல்லாரும் அவ்வளவு மரியாதை. அந்த மரியாதைதான் எனக்கு ஆகவே ஆகாது. வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. லண்டனில், வால்தம்ஸ்டோவில் கவுன்சில் கொடுத்த மூன்றாம் மாடி வீட்டில் நான், மனைவி, பன்னிரண்டு வயது மகள் என்று மூன்று பேர் இருந்தோம். மின்விளக்குச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை செய்தேன். ஒரு வியாழக்கிழமை எங்கள் எல்லாரையும் கன்டீனுக்குக் கூப்பிட்டு, தேநீரும் பிஸ்கட்டும் தந்து, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். அந்தப் பிஸ்கட்டை நான் தின்றேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

வேலை இருந்த காலத்தில் வங்கிக்காரர்கள் என்னைக் கொண்டாடினார்கள். என் பெயரை முன்கூட்டியே அச்சடித்த படிவம் தபாலில் வரும், கையெழுத்து வைத்து அனுப்பினால் போதும். அப்படித்தான் இரண்டு கார்ட் வந்து சேர்ந்தன. மனைவியின் தம்பியைக் கொழும்பிலிருந்து இங்கே எடுப்பதற்கு, ஆட்களைக் களவாக அனுப்பும் ஏஜென்சிக்காரன் கேட்ட பணத்தில் பாதியை முதல் கார்ட்டில்தான் எடுத்தேன். மச்சான் வந்தார். எங்கள் முன்னறையில் ஏழு மாதம் படுத்தார். டெலிபோன் பில்லை ஏற்றினார். பிறகு இன்னொரு ஏஜென்சி பிடித்துக் கனடா போனார். "போய் இறங்கின உடனை அனுப்புறன், அத்தான்" என்று விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த மார்கழியில் ஒரு பலசரக்குக் கடைக் கலண்டர் அனுப்பினார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. மனைவியிடம் கேட்டால், அவனும் அங்கே கஷ்டப்படுகிறான் என்பாள். கஷ்டப்படுகிறவர் கார் வாங்கிய படத்தையும் அவள்தான் என்னிடம் காட்டினாள்.

வேலை போன பிறகு அரசாங்கம் தரும் பெனிபிட்டில் வாழ்ந்தோம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை போய், வேலை தேடுகிறேன் என்று கையெழுத்து வைக்கவேண்டும். தேடினாலும் தேடாவிட்டாலும் வேலை இல்லை என்பது எனக்கும் தெரியும், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவனுக்கும் தெரியும். கபில நிற உறையில் ஜைரோ என்கிற காசோலை வரும். அதைத் தபால் கந்தோரில் காசாக மாற்றினால் ஒரு குடும்பம் செத்துப்போகாமல் இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு கையில் கிடைக்கும். கார்ட்டுக்கு மாதாமாதம் கட்டவேண்டிய ஆகக் குறைந்த தொகையை அதிலிருந்துதான் பிடுங்கினேன். மீன் வாங்குவதை நிறுத்தினோம். மகளின் பள்ளிச் சப்பாத்துக்கு அடியில் மட்டை வெட்டி வைத்தேன். இவ்வளவும் செய்து கட்டியது முழுவதையும் வட்டி தின்றது. கடன் இரண்டாயிரத்துத் தொளாயிரம் பவுணில் அசையாமல் நின்றது. இரண்டாவது கார்ட்டை மட்டும் தொடாமல் அலுமாரியில் பூட்டி வைத்திருந்தேன். எனக்கு வேலை போனது தெரியாமல் அதன் எல்லையை ஆயிரத்து ஐந்நூறாக உயர்த்தியிருந்தார்கள், மடையர்கள்.

நூலகத்துக்கு மேல்மாடியில் ஓர் ஆலோசனை நிலையம் இருந்தது. அங்கே போனேன். ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரர் என் கடிதங்களை அடுக்கி வைத்துப் படித்துவிட்டு, வரவு செலவு எழுதும் படிவம் ஒன்றைத் தந்தார். இதை நிரப்பி, வேலை இல்லை என்று கம்பனிக்கு எழுதுங்கள், வட்டியை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள், மாதம் ஒரு பவுண் கட்டுவதாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள் என்றார். ஒரு பவுணா என்று கேட்டேன். ஒரு பவுண்தான் என்றார். அவர் முகத்தில் கேலி இல்லை. எனக்குத்தான் காது சுட்டது. ஒரு பவுண் கட்டுகிறவன் என்று எங்கோ ஒரு கம்பியூட்டரில் என் பெயர் கிடப்பதை என்னால் தாங்க முடியவில்லை. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ரொட்டி வைக்கும் பாண் பெட்டிக்கு அடியில் வைத்தேன். அந்தக் கடிதத்தை அன்றைக்கே எழுதியிருந்தால், இதை இன்றைக்கு எழுதவேண்டி வந்திருக்காது.

அடுத்த நாள் காலையில் மனைவி ஒரு கொப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள்.

"எட்டு வருஷமா எத்தினை வீட்டுக்கு என்வலப் குடுத்திருக்கிறம் எண்டு தெரியுமே உங்களுக்கு?"

"தெரியாது. தெரிஞ்சு என்ன செய்யிறது?"

"அறுபத்தெட்டு வீடு. கலியாணம், பேத்டே, சாமத்தியவீடு, வீடு குடிபூரல், எல்லாம் எழுதி வைச்சிருக்கிறன். நாங்கள் ஆரையும் ஒண்டுக்கும் கூப்பிடேல்லை. எங்கடை காசு முழுக்க அவையளிட்டைக் கிடக்குது."

"கிடக்கட்டும். போய்க் கதவைத் தட்டிக் கேக்கச் சொல்லுறீரோ?"

"கேக்கத் தேவையில்லை. பிள்ளை பெரியபிள்ளையாகி நாலு மாசமாச்சு. சாமத்தியவீட்டைச் செய்வம். கூப்பிட்டா வருவினம். வந்தாக் குடுப்பினம். நாங்கள் இருபத்தஞ்சு குடுத்த இடத்திலை அவை முப்பதாவது, நூறு குடுத்த இடத்திலை நூற்றிருபதாவது வைக்கவேணும்."

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெண் பிள்ளை பெரியவளானால் சேலை உடுத்தி, நகை போட்டு, மேடையில் இருத்தி, ஊரைக் கூட்டிச் சோறு போடுவோம். வந்தவர்கள் என்வலப்பில் காசு வைப்பார்கள். யார் எவ்வளவு வைத்தார் என்று எழுதி வைத்து, அவர்கள் வீட்டுக் கொண்டாட்டத்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பிக் கொடுப்போம். நான் இந்தக் கூத்தையெல்லாம் வாய் நிறையத் திட்டியவன். ஹோலில் பல்லக்குத் தூக்கியவர்களையும் புகைக்குள் பிள்ளையை நடத்திவந்தவர்களையும் பின்வரிசையில் இருந்து நக்கலடித்தவன். மனைவி கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கூட்டி வைத்திருந்ததைப் பார்த்ததும் என் கொள்கையெல்லாம் காற்றில் பறந்தது. வரவு ஐயாயிரம், செலவு ஆயிரத்து நானூறு, மிச்சத்தில் முதல் கார்ட்டை மொத்தமாக அடைக்கலாம். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

மகளுக்குச் சொன்னபோது அவள் அழுதாள். "எனக்கு வேணாம் அப்பா, ப்ளீஸ். ஸ்கூல்ல தெரிஞ்சா நான் செத்திடுவன்."

"ஸ்கூலுக்கு ஆர் சொல்லப்போறது? ஒரு நாள்தானே."

"ஏன் செய்யோணும்?"

"அது எங்கடை கலாசாரம்" என்றேன். எங்கள் ஆட்கள் உண்மையைச் சொல்ல விருப்பமில்லாத இடத்தில் முதலில் எடுக்கிற சொல் அது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனாள். ஒத்துக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஹோல்காரன், சமையல்காரர், மேடை அலங்கரிக்கிறவர், வீடியோக்காரர் எல்லாரும் கைக்காசுதான் கேட்டார்கள். இரண்டாவது கார்ட்டை அலுமாரியிலிருந்து எடுத்து, ஒரு கிழமையாகத் தினமும் சுவர் மெஷினில் காசு இழுத்தேன். எடுத்த அன்றைக்கே வட்டி தொடங்கும் என்பது எனக்குத் தெரியும். ஐயாயிரம் வரப்போகிறவனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

அந்தச் சனிக்கிழமை அவள் மேடையில் நாலு மணித்தியாலம் கதிரையில் இருந்தாள். வாடகை நகை கழுத்தை அறுத்தது. வீடியோ வெளிச்சத்தில் முகப்பூச்சு வழிந்தது. ஒவ்வொரு குடும்பமாக மேடைக்கு ஏறி, அவளுக்கு இரண்டு பக்கமும் நின்று படம் எடுத்து, என்வலப்பை அவள் கையில் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கிப் பின்னால் நின்ற தாயிடம் கொடுத்தாள். தாய் பைக்குள் போட்டாள். நான் கீழே நின்று வருகிறவர்களுக்குக் கைகூப்பிக்கொண்டு, மேடையில் என்வலப்புகளை எண்ணினேன். மகளின் முகத்தைப் பார்த்ததாக நினைவில்லை. பிறகு வீடியோவில்தான் பார்த்தேன். படத்துக்கு மட்டும் சிரித்துவிட்டு, அடுத்த ஆள் ஏறும்வரை தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் பையைக் கட்டிலில் கொட்டிப் பிரித்தோம். மூவாயிரத்து இருநூற்றைம்பது பவுண் இருந்தது. நாங்கள் இருபத்தைந்து கொடுத்த வீடுகளில் பாதி, பத்து வைத்திருந்தது. பெனிபிட்டில் இருக்கிறவனுக்கு இது காணும் என்று நினைத்தார்களோ, இனி இவன் எங்கே திருப்பித் தரப்போகிறான் என்று நினைத்தார்களோ தெரியாது. ஒரு என்வலப்பை அழகாக ஒட்டி, வாழ்த்து எழுதி, உள்ளே ஒன்றும் வைக்காமல் தந்திருந்தார்கள். பெயர் எழுதவில்லை. மனைவி அந்த வெறும் உறையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் சாபம் போட்டாள்.

திங்கட்கிழமை காசை வங்கியில் போட்டேன். செவ்வாய்க்கிழமை இரண்டாயிரத்துத் தொளாயிரத்துக்குக் காசோலை எழுதி முதல் கார்ட்காரனுக்கு அனுப்பினேன். திரும்பி வரும்போது மீன்கடைக்குப் போய் ஒரு விளைமீன் வாங்கினேன். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து நான் அவ்வளவு சந்தோஷமாக நடந்தது கிடையாது. ஐந்தரை மணி டெலிபோன் நின்றது. மூன்று கிழமை கழித்து மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை இரண்டாவது கார்ட்காரன்.

அதே கிழமை பெனிபிட் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. எனக்குத் தரும் பணத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள், வங்கிப் பதிவுகளுடன் நேர்முகத்துக்கு வரவேண்டும், நான் அறிவிக்காத வருமானம் பற்றி அவர்களுக்குத் தகவல் கிடைத்திருக்கிறது என்று இருந்தது. படித்து முடிக்கும் முன்பே விளங்கிவிட்டது. என் சோற்றைத் தின்றுவிட்டுப் போன யாரோ பெட்டிசம் போட்டிருக்கிறான். ஊரில் அடுத்த வீட்டுக்காரன் மதில் கட்டினால் பெயரில்லாமல் அரசாங்கக் கச்சேரிக்கு எழுதிப்போடுகிற அந்த நல்ல பழக்கத்தை எங்கள் ஆட்கள் விமானத்திலும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அறுபத்தெட்டு வீட்டையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒருவரைக்கூட என்னால் சந்தேகத்திலிருந்து கழிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு பல வருடம், வருகிற கல்யாணக் கார்டுகளில் விலாசம் எழுதிய கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள் மனைவி. "பட அல்பத்தையும் கொப்பியையும் கொண்டு போங்கோ. நேரிலை பிள்ளையைப் பாத்தா நம்புவினம்."

அவள் சொன்னது எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. கடன் கட்டி மிஞ்சிய முந்நூற்றைம்பது பவுண் பழைய பில்களுக்குப் போயிருந்தது. ஜைரோ இல்லாமல் வீட்டில் பருப்பும் அரிசியும் மட்டும் இருந்தன. வீட்டு வாடகைக்கு வருகிற பெனிபிட்டும் இதோடு போகும். பயம் பிடித்தவனுக்கு எந்தப் புத்தி வேலை செய்யும்? பள்ளிக்கு வயிற்றுக்குத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சீருடையோடேயே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். எதற்குப் போகிறோம் என்று அவள் கேட்டாள். ஒரு படிவம் நிரப்ப என்றேன்.

கந்தோரில் கதிரைகளைத் தரையோடு ஆணி அடித்து இறுக்கியிருந்தார்கள், எங்களில் யாராவது தூக்கி எறிந்துவிடுவோமென்று. எங்களைக் கூப்பிட்ட அறையில் கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் தடிமன் பிடித்த ஒரு பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு இருந்தாள். கோப்புக்குள் நீலக்கோடு போட்ட தாளில் ஒரு கடிதம் தெரிந்தது. தலைகீழாக வாசிக்கப் பார்த்தேன். சாய்ந்த, வடிவான எழுத்து. தாழ்மையுடன் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று எங்கள் பள்ளிக்கூடங்களில் படிப்பித்த அதே ஆங்கிலம். அவள் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்கள் ஒரு மண்டபம் எடுத்து விருந்து வைத்திருக்கிறீர்கள். அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டாள்.

கிரெடிட் கார்ட் என்றேன். பதிவைக் காட்டினேன்.

"அதன் பிறகு உங்கள் கணக்கில் மூவாயிரத்து இருநூற்றைம்பது பவுண் கைக்காசாக விழுந்திருக்கிறது. எங்கே வேலை செய்கிறீர்கள்?"

"வேலை இல்லை. அது அன்பளிப்பு. எங்கள் கலாசாரம்."

"பிறந்தநாளா?"

இல்லை என்றேன். கல்யாணமா என்றாள். இல்லை என்றேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டுப் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். பெரியவளானாள், பருவத்துக்கு வந்தாள் என்று ஆங்கிலத்தில் சுற்றிச் சுற்றிச் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. கடைசியில் மகளுக்கு மாதவிலக்கு வந்ததென்று பச்சையாகச் சொன்னேன். கண்ணாடிக்குக் கேட்கவேண்டும் என்பதால் உரக்கச் சொன்னேன். தடுப்புக்கு வெளியே வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மகள் குனிந்துகொண்டாள். அவளுடைய காது சிவந்ததைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே அல்பத்தைத் திறந்து, கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து, இதோ இவள்தான் என்று காட்டினேன். மனைவியின் கொப்பியையும் பிடித்தேன். எந்த வீடு எவ்வளவு வைத்தது என்று தமிழில் எழுதியிருந்த பக்கங்களை, மகளைக்கொண்டே நாலு வரி ஆங்கிலத்தில் வாசிக்கவைத்தேன். அவள் மெல்லிய குரலில் வாசித்தாள்.

அந்தப் பெண் மூக்கைத் துடைத்தாள். நம்புகிறாளா இல்லையா என்று தெரியவில்லை.

"சரி. இது யாருக்குக் கொடுத்த பணம்? உங்களுக்கா, உங்கள் மகளுக்கா? உங்களுக்கென்றால் நீங்கள் எங்களுக்கு அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காதது குற்றம். மகளுக்கென்றால் அது அவளுடைய பணம்."

"மகளுக்கு" என்றேன், அவள் வாயை மூடும் முன்பே. "அவளுக்குத்தான். அவள் கையில்தான் கொடுத்தார்கள்."

"அப்படியென்றால் மறுநாளே இரண்டாயிரத்துத் தொளாயிரம் பவுணை உங்கள் கடனுக்குக் கட்டியிருக்கிறீர்களே. உங்கள் மகளின் பணத்தையா?"

ஓம் என்றாலும் பிழை, இல்லை என்றாலும் பிழை. அவள் என்னை விட்டுவிட்டு மகளிடம் திரும்பினாள். குரலைத் தணித்து, பயப்படாமல் சொல், அப்பா அந்தப் பணத்தை எடுத்தது உனக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

கார்ட் கடனைப் பற்றியே அவளுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. மகள் என்னைப் பார்க்கவில்லை. கொப்பியைப் பார்த்தாள், கண்ணாடியில் நான் இன்னும் ஒட்டிப் பிடித்திருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள்.

"தெரியும். நான் அப்பாவுக்கு அதைக் கடனாகக் கொடுத்தேன். எல்லாவற்றையும். அப்பா வாரம் ஐந்து பவுண் திருப்பித் தருவார். வெள்ளிக்கிழமைகளில்."

அந்தப் பெண் அதை அப்படியே எழுதினாள். கண்ணாடிக்குக் கீழிருந்த இடுக்கால் தாளைத் தள்ளினாள். நான் கையெழுத்து வைத்தேன். மகளையும் வைக்கச் சொன்னாள். பள்ளிக்கூடக் கையெழுத்தில், முழுப் பெயரையும் எழுதினாள். பத்து நாளில் நிறுத்திவைத்த பணம் முழுவதும் வந்து சேர்ந்தது.

பஸ்ஸில் மேல்தட்டில் முன்னுக்கு இருந்தோம். எனக்கு உயிர் திரும்பி வந்திருந்தது. அவள் தோளில் தட்டினேன்.

"நல்லாச் சமாளிச்சிட்டாய், பிள்ளை. சரியான கெட்டிக்காரி நீ."

"நான் சமாளிக்கேல்லை" என்றாள்.

"அப்ப?"

"எனக்கு அது வேணும். நான் சைன் பண்ணினன். நீங்களும் சைன் பண்ணினீங்கள்."

முதலில் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. "பெத்த தேப்பனிட்டைக் கடன் கேக்கிறியோ? இவ்வளவு காலமும் உனக்குச் சோறு போட்டது ஆர்? உந்தச் சட்டை, உந்தச் சப்பாத்து ஆர் வாங்கித் தந்தது?" என்று கத்தினேன். பின்னால் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "கலாசாரம் எண்டு சொன்னீங்கள். என்னைக் கதிரையில இருத்தி வைச்சுக் காசு எடுத்தீங்கள், அப்பா."

கையை ஓங்கினேன். பஸ்ஸில் ஆட்கள் இருந்தபடியால் இறக்கினேன். வீட்டில் என்றால் அடித்திருப்பேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, அதனால்தான் அடித்திருப்பேன்.

முதல் வெள்ளிக்கிழமை நான் கொடுக்கவில்லை. தபால் கந்தோரிலிருந்து நான் வந்தபோது குசினி வாசலில் வந்து நின்றாள். என் கையைப் பார்த்துவிட்டுப் போனாள். இரண்டாம் வெள்ளியும் அப்படியே. "பாவமப்பா, பிள்ளைதானே, குடுத்துவிடுங்கோவன்" என்றாள் மனைவி. "உம்மடை கொப்பியாலை வந்த வினை" என்று அவள் மேல் பாய்ந்தேன். மூன்றாம் வெள்ளி ஐந்து பவுண் தாளை மேசையில் எறிந்தேன். அவள் அதை எடுத்து, மடிப்பை நீவி, கடைக்காரனுக்குச் சொல்வதுபோல ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அறுநூற்றைம்பது வாரம் என்று மனதுக்குள் பிரித்துப் பார்த்தேன். முடியும்போது அவளுக்கு இருபத்தைந்து வயது கழிந்திருக்கும்.

அந்தக் கிழமைதான் பாண் பெட்டிக்கு அடியில் கிடந்த படிவத்தை எடுத்து நிரப்பி இரண்டாவது கார்ட்காரனுக்கு அனுப்பினேன். மாதம் ஒரு பவுண் கட்டுகிறேன், வட்டியை நிறுத்துங்கள் என்று எழுதினேன். இரண்டே வரியில் சரி என்று பதில் வந்தது. இவ்வளவுக்குத்தானா என்று அந்தத் தாளை வைத்துக்கொண்டு குசினியில் நின்றேன். என்னை நானே செருப்பால் அடிக்கவேண்டும் போல இருந்தது. அந்தத் தைரியத்தில் மகளிடமும் போய்க் கேட்டேன்.

"ரெண்டு பவுணாக்குவமோ, பிள்ளை? காசு காணாது."

"ஏலாது" என்றாள். அவள் தமிழில் பிழையில்லாமல் சொல்லும் சொற்களில் அது ஒன்று.

இரண்டு வருடம் கழித்து, தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை கிடைத்தது. இரண்டாவது கார்ட்டை அடைத்து, கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டேன். வருகிற கொண்டாட்டங்களுக்குப் போய், எங்களுக்கு வைத்தவர்களுக்கெல்லாம் என்வலப் வைத்தோம். மகள் ஒன்றுக்கும் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஐந்து பவுணை மட்டும் ஒரு வாரமும் விடாமல் வாங்கினாள். வாங்கி என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. புதுச் சட்டை, பாட்டுக் கசெட் என்று அவள் எதையும் வாங்கி நான் கண்டதில்லை.

அவள் வேறு நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, மாதம் இருபது பவுணுக்குக் காசோலை எழுதித் தபாலில் அனுப்பினேன். போதும் அப்பா என்று ஒருநாள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். காசு மிச்சம் பிடிக்க அல்ல. அந்த ஒரு சொல்லைக் கேட்டால், அன்றைக்கு அந்தக் கண்ணாடியில் நான் பிடித்த படத்தைக் கீழே இறக்கிவிடலாம் போல இருந்தது. இரண்டாம் வருடம் ஒரு காசோலையோடு சிறு துண்டுத் தாளில், "இன்னும் வேணுமோ, பிள்ளை?" என்று எழுதி வைத்து அனுப்பினேன். தாய்க்கு டெலிபோன் எடுத்தபோதெல்லாம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. கடிதமும் வரவில்லை. மாத முடிவில் என் வங்கிப் பதிவு வந்தது. அந்த இருபது பவுணை அவள் எடுத்திருந்தாள்.